தூசி கிடைக்காத கட்டடம்

என் மருமகளுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஈரத்துணி என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், அவளுக்கோ அதில் பெருமை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என் சமையலறை அலமாரியை இழுத்துப்போட்டு அதன் முதுகைத் துடைத்தவள்.

"அலமாரிக்கு முதுகு இருக்கறதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதான் பாத்தாலே தெரியுதே, அத்தை" என்றாள்.

அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. என் மகன் நடுவில் வாய் திறப்பதில்லை. திறந்தால் பல்லையும் துடைத்துவிடுவாள் என்ற பயம்.

வானிலை ஆராய்ச்சி அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால் வேறொன்றுமில்லை, நாளைக்கு வரவேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க முடியாது. அந்த ஒன்பதாம் வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அவர் மனசு வைத்தால் அவளை நிரந்தரமாக்கலாம். முகம் சுளித்தால் அந்தக் கட்டடத்தையே இழுத்து மூடலாம்.

அவருக்குக் காட்ட அங்கே உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பொருள், பனிப்பெட்டி. ஆளுயரம். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே மேகங்கள் திரிகிற உயரத்தில் இருக்கும் அதே குளிர். நீராவியை விட்டால் உள்ளே குட்டி மேகம் ஒன்று நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து பஞ்சு பஞ்சாகப் பனி பெய்யும். அதைக் கட்டி மேய்ப்பவரை எல்லோரும் பனி சார் என்பார்கள்.

பனி சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "இங்க பாரும்மா, வர்றவர் கண்ணுல ஒரு பொட்டுத் தூசி படக்கூடாது. பட்டுச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல."

யாரிடம் சொல்கிறோம் என்று சொன்னவருக்குத் தெரியவேண்டாமா?

மூன்று நாள் அவள் வீட்டை மறந்தாள். மின்விசிறி இறக்கை, விளக்கின் தலை, ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, கோப்புகளுக்குப் பின்னால் என்று ஒன்றையும் விடவில்லை. இடுக்குகளுக்கு ஊக்கில் துணி சுற்றிக்கொண்டாள். கடைசியாக, யாரும் சொல்லாமலே, பனிப்பெட்டியின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள்.

அதிகாரி வந்தார். நாற்காலியில் விரலை ஓட்டிப் பார்த்தார். திருப்திதான். பெட்டிக்குள் ஆவியை விட்டார்கள். மேகம் வந்தது, நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மைனஸ் பதினைந்து என்று முள் காட்டுகிறது. ஒரு துகள்கூட விழவில்லை.

"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள பெய்யுமா?" என்று கேட்டார் அதிகாரி.

பனி சார் கைத்துளை வழியாகக் கையை விட்டு உள்சுவரைத் தடவினார். கீச்சென்றது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"உள்ள யாரு தொடச்சது?"

"நான்தான் சார். மூணு தடவ." பாராட்டுவார் என்று நிமிர்ந்து நின்றாள்.

"கெடுத்தியேம்மா. தூசி இல்லாம பனி எப்படி வரும்?"

அவர் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மேகத்தில் இருக்கும் தண்ணீர்த்துளி அத்தனை குளிரிலும் லேசில் உறையாதாம். ஒரு தூசி கிடைத்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஐஸாகுமாம். அப்புறம் சுற்றியிருக்கும் ஆவி அதன்மேல் ஒட்டி ஒட்டி ஆறு கை முளைக்கும். கனம் தாங்காமல் கீழே விழும். ஆணி இல்லாத சுவரில் சட்டையை எங்கே மாட்டுவது, அந்தக் கதைதான்.

ஆளாளுக்குத் தூசி தேடினார்கள். படித்தவர்கள் நாற்காலிமேல் ஏறி மின்விசிறியைத் தடவினார்கள். மேசைக்கடியில் தவழ்ந்தார்கள். அதிகாரியே பரணில் கையை விட்டுப் பார்த்தார். சுத்தமான விரல்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதுதான் மிச்சம். வெளியே மூன்று நாள் மழை, சேறுதான் இருந்தது. ஊரெல்லாம் சும்மா கிடக்கிற சாமான் அங்கே ஒரு சிட்டிகை இல்லை.

அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "சார், ஒரு எடம் இருக்கு. உங்க இரும்பு பீரோ. தொடக்கூடாதுன்னு நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க."

வேறு வழியில்லை. திறந்தார். உள்ளே அவருடைய பனி ஆராய்ச்சிக் கோப்பு, அதன்மேல் கம்பளி போர்த்தியதுபோலத் தூசி. ஒரு சிட்டிகை கிள்ளிப் பெட்டிக்குள் ஊதினார்கள். சற்று நேரத்தில் மேகத்துக்குள் ஏதோ மினுக்கியது. பிறகு சத்தமில்லாமல் பெய்ய ஆரம்பித்தது.

அதிகாரி பனியைப் பார்த்தார். அப்புறம் கோப்பைப் பார்த்தார். "இதத் தொறந்து எத்தன வருஷம் ஆச்சு?"

பனி சாருக்கு மூளை வேலை செய்தது. "ஆராய்ச்சிக்காகத் தூசிய இயற்கையா சேகரிக்கறோம் சார். இந்தம்மாதான் அதுக்குப் பொறுப்பு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் வேலை நிலைக்கும், ஒன்பது வருஷ மானம் போகும். இல்லை என்றால் மானம் நிலைக்கும், வேலை போகும்.

"ஆமா சார்" என்றாள். அதோடு விடாமல், "ஆனா அந்த பீரோவுக்குள்ள மட்டுந்தான். வேற எங்கயாவது ஒரு பொட்டு பாத்தீங்களா? நீங்களேதான தேடினீங்க" என்றாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கொடுத்து அவளையும் பனியைப் பார்க்கச் சொன்னார். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு சார். நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கே, அத மட்டும் எடுத்துட முடியாதா?"

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. தூய்மைப் பணியாளர், நிரந்தரம். கீழே ஒரு வரி: ஆராய்ச்சிப் பிரிவின் தூசியைப் பாதுகாக்கும் கூடுதல் பொறுப்பும் இவருடையது. அந்த ஒரு வரிக்காக அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். நிரந்தரமானதற்கு அழுத மனுஷி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"குடுடி, தொட்டாவது பாக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மொதல்ல கை கழுவிட்டு வாங்க, அத்தை."