அம்மா பேயா, சாமியா?

பேய் என்றால் விரட்ட வேண்டும். சாமி என்றால் வீட்டுக்கு அழைக்க வேண்டும். அம்மா செத்த பிறகுதான் இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் பெரிய தகராறாக ஆனது.

வள்ளூர் பக்கத்துக் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கப் போன அம்மா, சேற்றில் கால் சிக்கி, ஏறி வந்த தண்ணீரோடு போய்விட்டாள். பூவும் பொட்டுமாகப் போனவள் பூவாடைக்காரி என்ற வீட்டுச் சாமி. புடவை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அகாலத்தில் செத்தது பேய்தான் என்று அடித்துச் சொன்னாள் அத்தை. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இரண்டாம் தாரமாகப் பெண் பார்த்து வைத்திருந்தவளும் அவள்தான். அம்மா சாமியாகிவிட்டால் வீட்டில் இடம் கொடுக்க வேண்டுமே!

முடிவு கட்டப் பம்பைக்காரரை வரவழைத்தார்கள். பெண்வீட்டாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பம்பை முழங்கிய வேகத்தில் அக்காவுக்கு ஆட்டம் வந்துவிட்டது. தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள், யூனிபார்மோடு தலைவிரி கோலமாக ஆடினாள். அம்மா வந்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மடியில் போய் உட்காரலாமா என்றுகூட நினைத்தேன்.

"என் ஊட்ல எனக்கு எடம் இல்லியா? என்னிய எங்க போவச் சொல்றீங்க?" என்று அவள் கத்தினாள்.

பம்பைக்காரர் நைனாவிடம் திரும்பினார். "நீதாம்பா சொல்லணும். இது சாமியா, பேயா?"

"இன்னாடா யோசிச்சிக்கினு கீற? சொல்லுடா" என்றாள் அத்தை.

நைனா அக்காவைப் பார்க்கவில்லை, பெண்வீட்டாரைப் பார்த்தார். "பேய்தான்" என்றார்.

வேப்பிலைக் கொத்தால் அடித்தார்கள். அது ஒடிந்ததும் பிரம்பை எடுத்தார்கள். உச்சியில் கொஞ்சம் முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்தார்கள். பெண்வீட்டாருக்கு நிம்மதி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த மரத்தடிக்குப் போவேன். "வலிக்குதாம்மா?" என்று ஆணியைத் தடவித் தடவி அழுவேன். வீட்டில் முதுகு தரையில் படாமல் குப்புறப் படுத்துக் கிடந்த அக்காவிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. நைனாவின் கல்யாணத்துக்கு முன்பே அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போனாள். அப்புறம் வரவே இல்லை. பேய் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாதான் போனாள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.