லெந்து நாட்களில் மட்டும் வலிக்காத வயிறு

அன்பான விசுவாசிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல நான் முன்வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை சொன்னபோது நீங்களெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். இரண்டு வாரம் கூட ஆகவில்லை, மறுபடியும் படுக்கையில் விழுந்தேன். "அப்ப டீச்சர் சொன்ன சாட்சி?" என்று உங்களில் சிலர் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். எனக்குள்ளும் அதே கேள்விதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால் இந்த முறை எதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குளோரி. கோச்சடையில் குடியிருக்கிறோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் கிளார்க். மகள் ஜென்சி கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆண்டவரிடமும் அப்படித்தான், சண்டை போட்டுத்தான் ஜெபிப்பேன்.

சில வருடங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குச் சுகர் என்று சொன்னார்கள். அரிசியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஒருவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று யார் சமைப்பது? வீடு முழுக்கக் கோதுமைக்கு மாறினோம். காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. அவருக்குச் சுகர் குறைந்தது. எனக்கு வயிறு கெட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்தக் கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை.

முதலில் உப்புசம். பிறகு வயிற்றுப்போக்கு. வகுப்பில் பாதிக் கணக்கைக் கரும்பலகையில் அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள், அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் இல்லை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது உடம்பில் ஒட்டவே இல்லை. ஒரு டாக்டர் அல்சர் என்றார். இன்னொருவர் குடலில் கிருமி என்றார். மூன்றாமவர் என் முகத்தைக் கூடப் பார்க்காமல், "டென்ஷன்மா, மனசை லேசா வச்சுக்கங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். எழுந்திருக்கத்தான் தெம்பு இல்லை.

புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். புற்றுநோயாக இருக்குமோ என்று ஜென்சி அழுதாள். என் ஜெப அறை எது தெரியுமா? குளியலறைதான். அங்கேதான் அதிக நேரம் இருந்தேன். "இயேசப்பா, இது என்ன நோயின்னாவது சொல்லுங்க. பேரு தெரியாத நோயில என்னைக் கொன்னுறாதீங்க" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு கேட்பேன்.

அந்த நாட்களில் என்னைப் பார்க்க அதிகமாக வந்தவர் எஸ்தர் அக்கா. நம் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தங்கமான மனுஷி. நோயாளியைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது, பிரட் பாக்கெட் வாங்கிப் போக வேண்டும். நம் ஊர் வழக்கம் அதுதானே? அக்கா பிரட், ரஸ்க், சத்துமாவு டின் என்று பை நிறையக் கொண்டு வருவார். தானே பாலில் பிரட்டை ஊறவைத்து ஊட்டிவிடுவார்.

"ஏத்தா, இம்புட்டாச்சும் உள்ள போகட்டும். காத்தடிச்சா விழுந்துருவ போல இருக்க."

எனக்கு வாந்தி வரும். அவர் அன்புக்காக விழுங்குவேன். அவர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு குளியலறைக்கு ஓடுவேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது உபவாச நாட்களான லெந்து நாட்கள் வந்தன. முழு உபவாசம் இருக்கப் போகிறேன் என்று முடிவெடுத்தேன். ஒன்று சுகம், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் என் பொருத்தனை. என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். எஸ்தர் அக்காவும் விடவில்லை.

"ஒனக்குப் பைத்தியமாத்தா? இருக்கிற ஒடம்புக்கு முழு உபவாசமா? வேற எதையும் தொடாத, சரி. மூணு வேளையும் அரிசிக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணு. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

அப்படியே செய்தேன். கஞ்சி, தேங்காய்த் துவையல், பழம். வேறு எதுவும் இல்லை. முதல் வாரம் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது வாரம் உப்புசம் வடிந்தது. மூன்றாவது வாரம் ஒரு வகுப்பு முழுவதும் நின்று பாடம் நடத்தினேன். கணக்கை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் கோவிலில் திருவிருந்து அப்பம் எடுத்த அன்று சாயங்காலம் மட்டும் வயிறு லேசாகப் பிசைந்தது. சத்துருவின் வேலை என்று அதைக் கடிந்துகொண்டேன்!

ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனையில் சாட்சி சொன்னேன். "ஆண்டவர் என்னைத் தொட்டுவிட்டார், பரிபூரண சுகம்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆராதனை முடிந்ததும் சபையில் கொடுத்த பன்னையும் டீயையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வீட்டில் என் சுகத்தைக் கொண்டாட என் வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வந்தார். இத்தனை நாள் வாயைக் கட்டியவள் ஆயிற்றே, ஒரு பிடி பிடித்தேன்.

மறுநாளே வயிறு இரைய ஆரம்பித்தது. அடுத்த வாரம் முன்பை விட மோசமாகக் கிடந்தேன். உடம்பு நோவை விட அவமானம் பெரிதாக இருந்தது. எல்லார் முன்னாலும் ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டேனா? அல்லது அவர்தான் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டாரா? "விசுவாசத்துல குறைவு இருக்கும்" என்று ஒரு சகோதரி ஜென்சியிடமே சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிறு முதல் கோவிலுக்கு வருவதை நிறுத்தினேன். ஜெபிப்பதையும்தான். அவரோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜென்சிதான் பிடிவாதம் பிடித்து கே.கே. நகரில் ஒரு குடல் டாக்டரிடம் அழைத்துப்போனாள். நெற்றியில் திருநீறு, அமைதியான முகம், ஐம்பது வயதிருக்கும் டாக்டரம்மா. பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இத்தனை வருஷத்துல எப்பயாச்சும் நல்லா இருந்திருக்கீங்களா டீச்சர்?"

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களில் மட்டும் நன்றாக இருந்தேன் என்றேன். ஜெபத்தைப் பற்றிச் சொன்னேன், பொருத்தனையைப் பற்றிச் சொன்னேன்.

"சரி. அந்த நாள்ல என்ன சாப்பிட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் ஆண்டவரைப் பத்திச் சொல்றேன். நீங்க சாப்பாட்டைக் கேக்குறீங்களே மேடம்!"

அவர் சிரிக்கவில்லை. "உங்க ஆண்டவர் ஏதாச்சும் காட்டியிருப்பார்ல, அதைத்தான் கேக்குறேன். சொல்லுங்க."

கஞ்சி, துவையல், பழம் என்றேன். முடித்த பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்றார். பன், பரோட்டா, சப்பாத்தி, உப்புமா, பாலில் ஊறிய பிரட். சொல்லிக்கொண்டே வரும்போது என் வாய் தானாக நின்றுவிட்டது. ஜென்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோதுமையில இருக்கிற ஒரு சத்து சில பேர் குடலுக்கு ஆகாது. சாப்பிடச் சாப்பிடக் குடலே புண்ணாயிரும், எந்தச் சத்தும் உடம்புல சேராது. சீலியாக்னு பேரு. நாம அரிசி சாப்பிடுற ஆளுங்கதானேன்னு இந்தப் பக்கம் சட்டுன்னு யாருக்கும் தோணுறதில்லை. ஆனா நானா முடிவு பண்ணக் கூடாது. ரத்தப் பரிசோதனை பண்ணுவோம், குழாய் விட்டுக் குடல்ல துளி சதை எடுத்துப் பாத்துருவோம்."

"இன்னையோட கோதுமையை நிறுத்திடுறேன் மேடம்" என்றேன்.

"அதைத்தான் செய்யக் கூடாது. நிறுத்திட்டு வந்தா டெஸ்ட்ல தெரியாமப் போயிரலாம். முடியிற வரைக்கும் வழக்கம் போலச் சாப்பிடுங்க."

வலிக்கும் என்று தெரிந்தே சப்பாத்தி சாப்பிட்ட அந்த நாட்களை மறக்க மாட்டேன். முதல் நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு வாயைத் திறந்தேன். "இது வலிக்கும்னு எனக்குத் தெரியும் ஆண்டவரே. கூட இருங்க, போதும்" என்றேன். அதற்கு மேல் சண்டை போடத் தோன்றவில்லை.

இரண்டு பரிசோதனையிலும் அதுதான் என்று உறுதியானது. காலம் முழுவதும் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது என்றார்கள். ஆயுசு முழுக்க மாறாத நோய் என்று கேட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பேரு தெரிந்துவிட்டது! குளியலறையில் நான் கேட்டது அதைத்தானே? குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்றதால் ஜென்சிக்கும் பரிசோதித்தோம். அவளுக்கு இல்லை.

ஆனாலும் முழுதாகச் சரியாகவில்லை. இரண்டு மாதம் ஆகியும் அவ்வப்போது வலித்தது. வலிக்கும்போதெல்லாம் மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடிப்பேன், வயிற்றுக்கு நல்லது என்று நமக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. ஒரு நாள் என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கமே வராத மனிதர்.

"ஏய் குளோரி, இங்க வா. பெருங்காய டப்பாவுல மைதா சேத்திருக்குன்னு போட்டிருக்கான்டீ!"

அடப்பாவி! சாம்பார், ரசம், ஊறுகாய், மருந்தென்று குடித்த மோர், எல்லாவற்றிலும் அதுதான். இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதைத் தூக்கிப்போட்ட பிறகு உடம்பு தேறியது.

எல்லாம் தேறியது, ஒன்றைத் தவிர. திருவிருந்து அப்பமும் கோதுமைதான். துளி கூட ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மறுபடி கோவிலுக்கு வந்தேன், ஆனால் எல்லாரும் முன்னால் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாவத்தில் இருக்கிறாள், அதனால்தான் போகவில்லை என்று பேச்சு வந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எஸ்தர் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்த அன்பான கை ஊட்டிய பிரட்தான் என்னைப் படுக்க வைத்தது என்று எந்த வாயால் சொல்வேன்?

ஒரு ஞாயிறு அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் வழக்கம் போலப் பை. "ஏன்த்தா விருந்துக்கு வர மாட்டேங்குற? யாரு மேலயும் கோவமா?" என்று கேட்டுக்கொண்டே பிரட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்.

"பாவி நானு, இம்புட்டு நாளும் ஒனக்கு விஷத்தையாத்தா ஊட்டினேன்?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, கஞ்சி குடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுன்னு சொன்னது யாரு? நீங்கதானே? நீங்க அதைச் சொல்லலைன்னா அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதிலே இருந்திருக்காதுக்கா."

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. லெந்து நாட்களில் நான் சொன்ன ஜெபத்துக்கு அந்த நாட்களிலேயே பதில் வந்துவிட்டது. மூன்று வேளையும் அதைக் குடித்துக்கொண்டேதான் இன்னும் பதில் வரவில்லையே என்று காத்திருந்தேன். என் முதல் சாட்சி பொய்யில்லை. அவர் செய்து முடிப்பதற்குள் எழுந்து சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு அக்கா போதகர் ஐயாவிடம் பேசியிருந்தார். புதுச் சட்டி வாங்கி, வீட்டில் அரைத்த பச்சரிசி மாவில் சின்ன ரொட்டி சுட்டு, தனி டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ஐயா முதலில் கை கழுவிவிட்டு, அதை ஆசீர்வதித்துத் தனித் தட்டில் வைத்து, எனக்குத்தான் முதலில் கொடுத்தார். ஓரம் கருகியிருந்தது. பக்கத்தில் முழங்காலில் நின்ற அக்கா, "உப்புப் போட மறந்துட்டேன்த்தா" என்று என் காதில் கிசுகிசுத்தார். நான் அழுதுகொண்டே மென்றேன். அன்று சாயங்காலம் என் வயிறு வலிக்கவில்லை.

இப்போது வகுப்பில் முழுக் கணக்கையும் முடிக்கிறேன். பிள்ளைகள் மறுபடி சிரிக்கிறார்கள், எனக்கு அது போதும். நீண்ட நாள் நோயோடு ஜெபித்துக்கொண்டிருக்கிற ஆண்டவருடைய பிள்ளைகளே, உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெபித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஒருவர் காது கொடுக்கவில்லையென்றால் இன்னொருவரிடம் போங்கள். உடம்பு லேசாக இருந்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.

எஸ்தர் அக்கா இன்றும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். பையைத் திறப்பதற்கு முன்னால், கட்டிலில் படுத்திருந்த அந்தத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டார்:

"ஒனக்கு எது சாப்பிட்டா ஒத்துக்குதுன்னு மொதல்ல சொல்லுத்தா. பெறகு ஜெபம் பண்ணுவோம்."