கல்வராயன் மலைக்கு ஐஸ் பெட்டியோடு தனியாக

கல்வராயன் மலைக்குப் பெரும்பாலும் அருவி பார்க்கத்தான் போவார்கள். நான் போனது மலம் சேகரிக்க. முகம் சுளிக்காமல் படியுங்கள், வழித் தகவலும் தருகிறேன்.

நான் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் கிருமிகளைப் படிக்கிறவள். மாத்திரை மருந்து அதிகம் எட்டாத மலைக் கிராமத்து மக்களின் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் எப்படி வந்து சேர்கின்றன என்று ஒரு வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து பார்த்து வந்தோம். பருவத்துக்கு ஒரு முறை, அதே குடும்பங்கள். கொரோனா வந்ததும் எல்லாம் நின்றது. எங்கள் கருவிகள் கொரோனா பரிசோதனைக்குப் போயின. உடன் வேலை பார்த்தவர்கள் சொந்த ஊருக்குப் போனார்கள். என்னோடு மலைக்கு வருவதாக இருந்த, அந்த வெளிநாட்டு ஆய்வகத்தின் ஆனா என்பவள் தன் நாட்டிலேயே அடைபட்டாள்.

"ஒரு பருவம் ஏற்கெனவே போய்விட்டது. இதுவும் போனால் ஆய்வை மூடச் சொல்வார்கள்" என்றாள் வீடியோ அழைப்பில். "மாதிரிகளை விமானத்தில் அனுப்ப வழியில்லை. அங்கேயே கிருமிகளை வளர்த்துப் பார்க்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். அழைப்பை அணைத்த பிறகுதான் ஆய்வகத்தின் எங்கள் மாடியில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது உறைத்தது.

மார்கழிக் குளிர். விழுப்புரத்தில் மாறி கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஐஸ் பெட்டி மட்டும்தான் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஏழுமலை என்பவரின் காரை எடுத்தேன். ஓர் இரவு தங்கலோடு போக வர மூவாயிரத்து ஐந்நூறு. கச்சிராயபாளையம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கரும்பு லாரிகள் நகரவிடாது. அதைத் தாண்டியதும் மலைப்பாதை.

"நாளைக்கு சீக்கிரம் எறங்கிடணும் மேடம்" என்றார் ஏழுமலை. "எட ஒதுக்கீடு கேட்டு எங்க ஆளுங்க ரோட்டுல ஒக்காரப் போறாங்க. எம் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. நானும் போயிருக்கணும்."

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். பெயர் வேண்டாமே. முகக்கவசத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் கதவுகள் சாத்திக்கொண்டன. உள்ளிருந்து ஒரு குரல்: "கொரோனா டெஸ்ட்டுங்களா? வாணாங்க. புடிச்சிகினு போயிட்டா ஆடு மாட்ட யாரு பாக்கறது?"

முன்பு நான்கு பேரோடு வந்தபோது மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்த ஊர் இது. வெயில் சாயும்வரை ஒரு பலா மரத்தடியில் நின்றேன். கடைசியில் சின்னப்பொண்ணு வந்தாள் (பெயரை மாற்றியிருக்கிறேன்). சென்ற முறை கைக்குழந்தையோடு வந்து, குழந்தையின் மாதிரியையும் கொடுத்தவள். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பாப்பா எங்கே?"

"இல்லீங்க."

அவளே சொன்னாள். "ஜொரம். பஸ்ஸு ஓடல. வண்டி புடிச்சி கீழ தூக்கிகினு போனோம். ஊசி மேல ஊசி போட்டாங்க. மருந்து கேக்கலன்னு சொல்ட்டாங்க."

பெட்டியைப் பார்த்து, "நீங்க இன்னாத்துக்கு இத எடுத்துகினு போறீங்க?" என்றாள்.

"மருந்து ஏன் கேக்கலன்னு பார்க்கத்தான்."

அவள் மாதிரி எடுக்கும் டப்பாக்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள். "கொரோனா இல்லடி. கதவத் தொற. மருந்து ஏன் கேக்கலன்னு பாக்கறாங்களாம்."

காலையில், இரண்டு வீடு தவிர எல்லாரும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவளும் தன்னுடையதைக் கொடுத்தாள்.

இறங்கும்போது வடக்கனந்தல் அருகே மறியல். ஏழுமலை வண்டியை ஓரங்கட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தார். போங்க என்றேன். அவர் போய் சனங்களோடு உட்கார்ந்துகொண்டார். கோஷம், கொடி, வெயில். காருக்குள் நான் பெட்டியைத் திறக்காமல் அதன் பக்கவாட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் கரைந்தால் வந்ததே வீண்.

துண்டு போட்ட ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "பொட்டில இன்னா?" சொன்னேன். சிரித்துவிட்டார். "அத இன்னாத்துக்கும்மா இவ்ளோ பத்திரமா?" காரணத்தையும் சொன்னேன். "எங்க புள்ளைங்க படிப்புக்காக ஒக்காந்துகினு இருக்கோம். ஆபீசரு வந்து மனு வாங்காம வழி வுட முடியாது. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றவர், ஜூஸ் கடையிலிருந்து ஒரு பை நிறைய ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியத்துக்கு மேல்தான் வழி திறந்தது. ஏழுமலை பஸ் நிலையத்தில் நிற்காமல் நேராகப் புதுச்சேரிக்கே ஓட்டினார். கூடுதலாக டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. மார்கழியில் கம்பளி அவசியம். போகும் நாளில் போராட்டம் ஏதும் உண்டா என்று உள்ளூர் ஓட்டுநரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாக இருந்தே எல்லாவற்றையும் வளர்த்துப் பார்த்தேன். ஆய்வு அறுபடவில்லை. சின்னப்பொண்ணுவின் மாதிரியில் மூன்று மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருந்தது. அவள் சந்தைக்கு இறங்கிய ஒரு நாளில் போனில் சொன்னேன். அந்தக் கிருமியால் அவளுக்கு இப்போது பயமில்லை என்றும், குழந்தைக்கு அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

"பாப்பாவோடத எடுத்துகினு போனீங்களே, அது இன்னும் இருக்குதா?"

"இருக்கு. வெளிநாட்டுல, ஆனாவோட ஆய்வகத்துல உறைய வெச்சிருக்கோம். அவங்க அதைப் பார்க்கப் போறாங்க."

சந்தை இரைச்சலிலிருந்து அவள் தள்ளிப் போவது கேட்டது.

"பாத்துட்டு தூக்கிப் போட்டுட வாணாம்னு சொல்லுங்க" என்றாள். "அதோடது வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."