அளவு அக்காவின் லேப்டாப் ஆல்டரேஷன்

இன்று என் பையின் ஜிப் பல்லை இளித்துவிட்டதால் அதை மாற்றக் கொடுக்கப் போனேன். போன இடத்தில் சந்தித்தது யாரை என்றால், எதற்கும் டேப்பை எடுத்து அளந்து பார்ப்பதால் எல்லோரும் ‘அளவு அக்கா’ என்று கூப்பிடும் தையல்கார அக்காவை! ஐந்து நிமிட வேலைக்குப் போனவன் ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஜிப் மாற்றுவதெல்லாம் அக்காவுக்குக் கை சும்மா இருக்கும்போது செய்கிற வேலை. நிஜமான வேலை பேட்டர்ன் வரைவது. ஒரு சட்டையோ கோட்டோ ஆயிரக்கணக்கில் தைக்கப்படுவதற்கு முன்னால், முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டுக்கும் காகிதத்தில் ஒரு வடிவம் வேண்டும். அதை லேப்டாப்பில் வரைந்து, பிரிண்ட் எடுத்து, ஒட்டி வெட்டி, ஒரு சாம்பிளும் தைத்து ஃபேக்டரிக்குக் கொடுப்பார். பதினோரு வருடமாக அந்த ஃபேக்டரியில் எந்தப் புது உடுப்புக்கும் முதல் பேட்டர்ன் அக்காவுடையதுதான். லேப்டாப்புக்கும் ஏறத்தாழ அதே வயது. மூடியின் ஒரு மூலை உடைந்து, ரிப்பன் வைத்து ஒட்டியிருக்கிறது.

போன திங்கட்கிழமை ஃபேக்டரியின் கட்டிங் மாஸ்டர் போன் செய்தார்.

“ஏம்மா, ஆஸ்பத்திரி ஊழியருங்களுக்குக் கோட் ஆர்டர் வந்திருக்கு. ஃபைல் அனுப்பினேனே, பாத்தீங்களா?”

“தொறக்க மாட்டேங்குது மாஸ்டர்.”

“எப்படித் தொறக்கும்? இங்க எல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாறியாச்சு. உங்களுக்கும் லிங்க் போட்டிருந்தேனே?”

“ஏத்திப் பாத்தேன். உன் சிஸ்டம் பழசு, போயிட்டு அப்புறமா வான்னு அனுப்பிடுச்சு.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள்ள சாம்பிள் வந்தாகணும். முடியலன்னா சொல்லிடுங்க. ஒரு ஆளைப் போட்டு இனிமே ஆபீஸ்லயே வரைஞ்சுக்கறோம்.”

அந்த ‘இனிமே’ அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு கோட் போனால் போகட்டும். இனிமேல் எதுவுமே வராது என்றால்?

“பத்தரைக்கே வந்து நிப்பேன் மாஸ்டர், நீங்க டேப்பை மட்டும் ரெடியா வெச்சிருங்க” என்று சொல்லி போனை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதைத் தூக்கிக் கடாசிட்டு வேற வாங்குங்கக்கா.”

“உங்களுக்குந்தான் முன்னந்தலையில முடி போயிடுச்சு. வீட்டுல உங்களைத் தூக்கிக் கடாசிட்டாங்களா? இது எந்த சிஸ்டம் வரைக்கும் தாங்கும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே சோதித்துப் பார்த்தார். ஆகப் புதிய சிஸ்டத்துக்கு, அதாவது கம்ப்யூட்டரையே இயக்குகிற அடிப்படை சாஃப்ட்வேருக்கு, இந்த லேப்டாப் லாயக்கில்லை. ஆனால் மெமரியை இரட்டிப்பாக்கி, வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டால் அதற்கு முந்தியதைத் தாராளமாக ஏற்றலாம். பேட்டர்ன் சாஃப்ட்வேர் கேட்டதும் அந்த முந்தியதைத்தான்.

“அது போதும்ணே. மாப்பிள்ளைக்கு அளவெடுத்தா மாப்பிள்ளைக்குத்தான் தைக்கணும், ஊருக்கா தைப்போம்?”

“அப்போ பழைய டிஸ்க்கை அழிச்சு நான் வேற எதுக்காவது வெச்சுக்கவா?”

“ஐயையோ, அது மேல கையே வைக்கக் கூடாது!”

இந்த இடத்தில் அக்கா என்னைப் பார்த்து விரலை ஆட்டிச் சொன்ன விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல துணியில் அவர் எடுத்தவுடன் கத்தரி வைக்க மாட்டார். முதலில் மலிவான காடாத்துணியில் வெட்டித் தைத்துப் பார்ப்பார். லேப்டாப்புக்கும் அதே சட்டம். பதினோரு வருடப் பேட்டர்ன்கள் இருக்கும் பழைய டிஸ்க்தான் நல்ல துணி. அதைக் கழற்றி அலமாரியில் பத்திரப்படுத்த வேண்டும். புது டிஸ்க் காடாத்துணி. கோணிப்போனால் அதை உருவிவிட்டுப் பழையதை மாட்டிக்கொள்ளலாம். இழப்பு ஒன்றும் இல்லை.

கடைக்காரர் மெமரியையும் புது டிஸ்க்கையும் விற்று, புது சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை காலையில் அக்கா வெட்டு மேஜையில் லேப்டாப்பைக் குப்புறப் படுக்க வைத்தார். பக்கத்தில் ஒரு அட்டை. லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அந்த அட்டையில் அப்படியே வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். திருகுக்கும் பேட்டர்ன்!

பஸ் ஓட்டுகிற அக்காவின் கணவர் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “கடைசியில ஒரு திருகு மிஞ்சிடப் போகுது, பாத்தும்மா.”

“மிஞ்சினா உங்க வாய்க்குப் போட்டு முறுக்கிடுறேன். கெளம்புங்க.”

ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு மணிக்குள் சிஸ்டம் ஏறியது, மாஸ்டரின் சாஃப்ட்வேர் ஏறியது, அடம்பிடித்த ஃபைலும் திறந்தது. பழைய டிஸ்க்கை ஒரு கேபிளில் மாட்டி, பேட்டர்ன்களின் நகல்களையும் உள்ளே கொண்டுவந்தார். முன்பெல்லாம் அக்கா லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு வீட்டைப் பெருக்கி முடித்துவிட்டு வருவார். இப்போது துடைப்பத்தை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் தனியாகக் கை தட்டியதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

அந்தச் சந்தோஷம்தான் காலை வாரியது. அன்று மாலையே கோட்டை வரைந்து, முப்பத்திரண்டு தாள் பிரிண்ட் எடுத்து, ஒட்டி வெட்டி, வியாழன் காலையில் சாம்பிளைத் தைத்து முடித்தார். சாம்பிள் போட்டுப் பார்ப்பது எப்போதும் கணவர்தான். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு அவர்தான் பொம்மை. கோட்டுக்குள் கையை விட்டார். பாதியில் நின்றது.

“கை இடுக்குதும்மா.”

“ஷிப்டு ஷிப்டா உக்காந்தே இருந்தா இடுக்காம என்ன செய்யும்? குண்டாயிட்டீங்க.”

“நானா? பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள தள்ளிப் போடறேன், என்னைப் பாத்து இப்படிச் சொல்றியே!”

“இருங்க, டேப் பொய் சொல்லாது.” அக்கா அவர் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். பிறகு அளவு நோட்டைப் புரட்டினார். பிறகு மறுபடியும் டேப்பைப் பிடித்தார்.

மனிதர் ஒரு சென்டிமீட்டர் இளைத்திருந்தார்.

அக்கா டேப்பைப் போட்டுவிட்டு, வெட்டிய முதல் தாளைத் தேடி எடுத்தார். அவர் போடும் எல்லாப் பேட்டர்னிலும் முதல் தாளின் மூலையில் பத்து சென்டிமீட்டர் கட்டம் ஒன்று இருக்கும். ஸ்கேலை அதன் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரி எடுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் தவறாத பழக்கம், நேற்றுக் கை தட்டிய குஷியில் விட்டுப்போயிருந்தது. இப்போது வைத்துப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஆறு.

பழைய சிஸ்டத்தில் பிரிண்டருக்கு ‘உள்ள அளவிலேயே’ என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். புது சிஸ்டத்துக்கு அது தெரியுமா? தாளுக்குள் அடங்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்தையும் தானாகவே சுருக்கிவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி சுருங்கியதால் ஒட்டும்போதும் தெரியவில்லை. மார்பில் மட்டும் நாலு சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. இப்படியே கொடுத்திருந்தால், ‘இனிமே’ அங்கேயே நடந்திருக்கும்.

“அப்போ நான் குண்டு இல்ல?”

“இல்லீங்க.”

“இன்னொரு தடவை சொல்லு, சரியா கேக்கல.”

“நீங்க குண்டு இல்ல! போதுமா? அந்தத் தாளை எடுங்க.”

செட்டிங்கை நூறு சதவீதத்துக்கு மாற்றினார். முதல் தாள் மட்டும் வந்தது. ஸ்கேலை வைத்தார். பத்து. முடி அளவுகூடப் பிசகில்லை. அன்று லீவில் இருந்த கணவர் தாள்களை ஒட்டித் தர, சாயங்காலத்துக்குள் இரண்டாவது கோட் தயார். இந்த முறை கை சரசரவென்று உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அக்கா ஃபேக்டரியில் போய் நிற்க, மாஸ்டர் டேப்போடு வந்தார். மார்பு, தோள், கை, நீளம். பிறகு மறுபடியும் மார்பு.

“கச்சிதம்மா. புது லேப்டாப் வாங்கிட்டீங்களா?”

“இல்ல மாஸ்டர், அதேதான். உள்ள மட்டும் கொஞ்சம் ஆல்டர் பண்ணேன்.”

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “மிச்ச சைஸ் எல்லாம் புதன்கிழமைக்குள்ள வரைஞ்சு கொடுத்துடுங்க. இங்க வேற ஆள் யாரையும் தேடலை.”

முதலில் தைத்த குட்டிக் கோட் அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. காலரில் சாக்குக்கட்டியால் 9.6 என்று எழுதியிருக்கிறது. அக்கா அதைப் பிரித்துத் துணியை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். கணவர் விடுவதாக இல்லை. “நான் இளைச்சதுக்கு அதுதான் சாட்சி” என்று என்னிடமே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

‘இது பழசு, தூக்கிப் போடு’ என்று யாரோ சொன்ன லேப்டாப்போடு உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவராவது முழித்துக்கொண்டிருப்பார். இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஜிப் போன பை இருந்தால் அளவு அக்காவிடம் நேரிலேயே போங்கள். உள்ளே நுழைந்ததும் அந்தக் கோட் யாருடையது என்று கேளுங்கள், அவர் கணவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.