சங்கிலி எட்டிய தூரம்

நீங்கள் கடைசியாக ஒரு நாயைக் கண்டு பயந்தீர்களே, அப்போது அது உங்களை என்ன செய்தது? துரத்தியதா, கடித்ததா? அல்லது அதன் முகத்தைப் பார்த்து நீங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தீர்களா? பதிலை மறைக்காதீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் அமராவதியைப் பற்றியது இது. 1974இல் அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும்வரை பாத்தியில் உப்பு வாருவாள், கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். இருபது வருஷம் வெயிலில் மின்னும் உப்பையே பார்த்து அவள் கண் கெட்டுவிட்டது. காலையில் ஓரளவு தெரியும். வெயில் ஏறிவிட்டால் பாத்தி எது, வரப்பு எது என்று பிரியாது. கால் தவறிப் பாத்தியில் இறங்கினால் விளைந்த உப்பு கலங்கும், வேலை போகும். அதனால் கண் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளை வேலையில் நிறுத்தி வைத்திருந்தது ஒரு கோம்பை நாய். செம்மண் நிறம், கரி பூசியதுபோல் கறுத்த வாய். உப்பளக் குத்தகைக்காரர் காவலுக்கென்று மதுரைப் பக்கமிருந்து குட்டியாக வாங்கி வந்து, அப்புறம் மறந்துபோனார். அமராவதி தன் கஞ்சியில் பாதியை ஊற்றி வளர்த்தாள். வெள்ளை வரப்பின்மேல் அது செக்கச்செவேலென்று முன்னால் போகும். அந்தச் சிவப்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூடையோடு இவள் பின்னால் போவாள்.

"மேஸ்திரி சொன்னா கேக்க மாட்டா, நாய் பின்னால மட்டும் ஒழுங்கா போவா" என்று மேஸ்திரி சிங்காரம் கிண்டல் செய்வார்.

"அது என்னைத் திட்டறதில்லீங்களே" என்பாள்.

கோம்பை என்றால் ஆளைக் கொல்லும் ஜாதி என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் புத்தக ஆதாரம் கொடுத்தவன் நான். ஊரில் படிப்பகம் நடத்திவந்தேன். உப்பளத் தொழிலாளருக்கு மனு எழுதித் தருவதும் நான்தான். பிறப்பை வைத்து ஒருவனை எடைபோடுவது அயோக்கியத்தனம் என்று மேடைதோறும் கத்தியவன். வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஒருவனின் பழைய புத்தகத்தில், இந்த நாய்களைக் காட்டுப்பன்றிமேல் ஏவியதாகப் படித்திருந்தேன். அதையே எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் கண்ணெதிரே இரண்டு வருஷம் நடமாடிய நாய் ஒருவரையும் கீறியதில்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் எனக்கு அது உறைக்கவில்லை.

சித்திரையில், ஊரில் ஆடு வளர்க்கும் குப்புசாமியின் ஆட்டுக்குட்டிகள் இரண்டு குடல் சரிந்து கிடந்தன. கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் நாயைக் கட்டிப்போடச் சொல்லிக் குத்தகைக்காரருக்கு மனு எழுதினார்கள். எழுதினார்கள் என்று ஏன் சொல்கிறேன், எழுதியது நான். 'கொடிய இனத்தைச் சேர்ந்தது' என்ற வரியும் என்னுடையதுதான்.

மறுநாளே மேஸ்திரி அதை உப்புநீர் வாய்க்கால் ஓரம் ஒரு முளையில் சங்கிலி போட்டுக் கட்டினார். நிழல் கிடையாது. அமராவதி காலையும் மத்தியானமும் சட்டியில் தண்ணீர் வைத்தாள். மூன்றாம் நாள் அவளைத் தொலைவில் இருந்த பாத்திக்கு அனுப்பினார்கள். கூட வேலை செய்யும் ஜெயா அவள் கண்ணைப் பற்றி அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள்; அவள் முந்தானையைப் பிடித்தபடி போனாள். இங்கே சட்டி கவிழ்ந்துவிட்டது. அந்த வழியாகப் பத்துப் பேராவது போயிருப்பார்கள்; பயத்தில் யாரும் கிட்டே போகவில்லை. அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். தொழிலாளருக்குக் குடிதண்ணீர் வசதி கேட்டு ஒரு மனு. அதற்குக் கையெழுத்து வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாயின் வாயில் நுரை தள்ளியது. எழுந்தால் கால் பின்னியது. வெறி பிடித்துவிட்டது என்று ஆட்கள் தடியோடு கூடினார்கள். சேதி கேட்டு அமராவதி தட்டுத்தடுமாறி வந்தாள். கூட்டத்தில் என் குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்தாள்.

"சார், அதுக்குத் தண்ணி இல்ல. ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்க. சங்கிலியிலதான கெடக்குது, எட்ட நின்னு பாருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்டிருப்பார்கள். வெறி என்று சந்தேகம் வந்தால் அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லும் சுகாதாரத் துண்டறிக்கையைப் படிப்பகச் சுவரில் ஒட்டியதே நான்தான்.

"இந்த ஜாதி நாயை நம்ப முடியாது, அமராவதி" என்றேன்.

அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அடி விழுந்தபோது, சங்கிலியில் கிடந்த நாயால் ஓடவும் முடியவில்லை.

எல்லோரும் போனபின் நான் மட்டும் நின்றேன். அவள் தடவித் தடவி முளையைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து சங்கிலியைக் கைமாற்றிக் கைமாற்றி அளந்தாள். அது சரியாக வாய்க்கால்வரை எட்டியது. வாய்க்கால் சேற்றில் நாயின் கால்தடங்கள் இருந்தன. செத்துக் கிடந்த நாயின் கறுத்த வாயைச் சுற்றி, காய்ந்த உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்புத் தண்ணியக் குடிச்சிருக்குது சார்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அவ்வளவு கெட்டியான உப்புநீரைக் குடித்தால் நுரை தள்ளும், தள்ளாடும் என்றார். மறுவாரம் குப்புசாமியின் இன்னொரு குட்டி செத்தது. இந்தத் தடவை அவரே பார்த்தார். நரி.

அமராவதி இரண்டு முறை பாத்தியில் விழுந்தாள். மூன்றாவது முறை விழுந்தால் மேஸ்திரி நிறுத்திவிடுவார் என்று, ஜெயா தன் புடவை முதுகில் ஒரு சிவப்புத் துணியைக் குத்திக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள். மூன்று வருஷமாக அந்தத் துணியின் பின்னால் அமராவதி உப்பு சுமக்கிறாள். என் குரல் கேட்டால் "நல்லா இருக்கீங்களா சார்" என்கிறாள். 

ஒரு நாயின் ஜாதியைச் சொல்லி யாராவது உங்களிடம் மனு நீட்டினால், அது யாரைக் கடித்தது, பார்த்தவர் யார் என்று கேளுங்கள். வெறியோ என்று சந்தேகம் வந்தால் தடி எடுக்க வேண்டாம். கிட்டேயும் போகாதீர்கள், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கடிபட்டவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அதெல்லாம் என்றோ ஒரு நாள் வருகிற வேலை. இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் சங்கிலியில் கிடக்கும் நாயின் சட்டியைப் போய்ப் பாருங்கள். காலியாக இருந்தால், தயவுசெய்து நிரப்புங்கள்.