கதவில் தொங்கிய மூன்று எழுத்துகள்

கனடாவின் ஸ்காபரோவில் நான் சுஷி உருட்டிய கடையின் முதலாளி யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். சமையலறையில் நின்ற எல்லோரும் தமிழர். ஜப்பானைக் கண்டவர் எவருமில்லை. முன்பு கடை நடத்தியவர் விட்டுப்போன மரப்பலகையொன்று வாசல் கதவில் தொங்கியது. இரண்டு பக்கமும் மும்மூன்று ஜப்பானிய எழுத்துகள். ஒரு பக்கம் வெயிலில் வெளிறிப்போயிருந்ததால், மை மங்காத மறுபக்கம் வெளியே தெரியும்படி அண்ணை மாட்டியிருந்தார்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வயதான பெண்மணி வரத் தொடங்கினார். மத்தியானக் கூட்டம் கலைந்து மேசைகள் வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில்தான் வருவார். பலகையைப் பார்ப்பார். கண்ணாடியூடாக எங்களைப் பார்ப்பார். பிறகு பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பிவிடுவார்.

"உவ ஆர் தங்கச்சி? போன கிழமையும் வந்து பாத்திட்டுப் போனவ."

"சாப்பிட வந்திருப்பா அண்ணை."

"சாப்பிட வாற ஆள் உள்ளுக்கு வரும். உது வேவு. ஹெல்த் டிப்பார்ட்மென்ட் ஆக்கள் அனுப்பினதோ, அங்கால புதுசாத் திறந்த கடைக்காரர் அனுப்பினதோ, ஆருக்குத் தெரியும்?"

அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பலகையை வாசிக்கும்போது அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். ஜப்பான்காரிதான். என் கைகளைத்தான் கவனிக்கிறார் என்று தோன்ற, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று சோற்றை அழுத்தினேன். ஒருநாள் அவர் வாசலில் நின்று போனை எடுத்தார். படம் பிடிக்கிறார் என்று அண்ணை எங்களைக்கொண்டு குளிர்பெட்டி முழுவதையும் கழுவுவித்தார்.

அடுத்த முறை எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், யாரைத் தேடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் சங்கடத்தோடு சிரித்தார். "எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? நான் வரும்போதெல்லாம் ஆயத்தம் செய்துகொண்டே இருக்கிறீர்களே."

திறந்துதானே இருக்கிறோம் என்றேன். அவர் பலகையைத் தொட்டுக் காட்டினார். முதலிரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'ஆயத்தம்'. மூன்றாவது, ஒரு பெட்டியின் நடுவே இறங்கும் கோடு. தனியே நின்றால் 'நடு'. இன்னொரு சொல்லின் பின்னால் வந்தால், அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாங்கள் 'கொண்டிருக்கிறோம்' என்று நீட்டிச் சொல்வதை அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடுகிறது. மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் கடையை மூடிவைக்கும்போது ஜப்பானில் இதைத்தான் மாட்டுவார்களாம். அவர் பலகையைத் திருப்பினார். வெளிறிய பக்கத்தில், 'வியாபாரம் நடக்கிறது'.

உள்ளே ஓடிவந்து சொன்னேன். அண்ணை நம்பவில்லை.

"மற்றப் பக்கத்தில கடை பூட்டு எண்டு இருந்தா? உவ சொன்னா நாங்கள் திருப்பிறதோ?"

தன் போனில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். போனும் அதையே சொன்னது. அரைமனதோடு பலகையைத் திருப்பி மாட்டினார்.

பெண்மணி உள்ளே வந்து சாப்பிட்டார். ஒரு பருக்கைச் சோறும் மிச்சமில்லை. போகும்போது, "சோறு கொஞ்சம் இனிப்பு," என்றார்.

"பாத்தியே, குறை பிடிக்கத்தான் வந்தவ," என்றார் அண்ணை. ஆனால் அன்றே சுஷிச் சோற்றில் கலக்கும் சீனியைக் குறைக்கச் சொன்னார்.

அடுத்த கிழமை அந்தப் பெண்மணி ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இப்ப ரெண்டு பேரா வருகினம்," என்று முணுமுணுத்தபடி அண்ணை கதவைத் திறந்துவிடப் போனார்.