புகையில் காய்ந்த அல்பாக்கா ஸ்வெட்டர்

குளிரடிக்கும் நுவரெலியாவில் கல்யாணம் என்றதும், வெளிநாட்டிலிருக்கும் அக்கா அல்பாக்கா கம்பளி ஸ்வெட்டர் அனுப்பினாள். அல்பாக்கா, ஒட்டகத்துக்கு உறவுக்கார மிருகமாம். ஆட்டுக் கம்பளி மாதிரி அரிக்கவே இல்லை. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. எங்கள் யட்டியாந்தோட்டைப் புழுக்கத்தில் நானும் நாத்தனாரும் மாற்றி மாற்றிப் போட்டு, வேர்த்து ஊற்ற ஊற்றச் சிரித்தோம். பிறகு அலசினேன். மழையாவது விட்டதா, சனியன்! வழக்கம்போல, றப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறையில் தொங்கவிட்டேன்.

கல்யாண வீட்டில் எல்லோரும் வெடவெடக்க, எனக்கு மட்டும் கதகதப்பு. பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சுளித்தார்.

"நீங்க றப்பர் தோட்டமாங்க?"

"ஆமாங்க" என்று நகரப் போனேன்.

அவர் விடவில்லை. என் கைக்குள் கையை நுழைத்து ஒட்டி உட்கார்ந்தார்.

"நாறினா நாறட்டுங்க. அடுப்பு மாதிரியில்ல இருக்கீங்க!"